பக்கவாசல்காரர்கள்

"வலதா, இடதா? யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா. பின்னால லாரிக்காரன் காதைக் கிழிக்கிறான்," என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெரியக்கா, "வலது," என்றாள். பின்னால், வெள்ளைத் துணி போர்த்திய உடலுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த தம்பி மனைவி அதே மூச்சில், "இடது," என்றாள்.

ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நல்லா இருக்கு. போனவர் எழுந்து சொன்னாத்தான் உண்டு போல."

"வாயை அடக்கிட்டு வண்டியை ஓட்டு," என்றாள் பெரியக்கா. பிறகு தலையைத் திருப்பாமலே பின்னால் இருப்பவளிடம், "அவன் எங்க அப்பாவோட மகன். அந்த வீட்டுல பொறந்தவன். அங்கிருந்துதான் போவான்," என்றாள்.

"அவர் குடியிருந்தது இந்தப் பக்கம் அண்ணி. தெருவுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"காத்திருக்கிறவங்க நடந்து வரட்டும். கால் இல்லையா?"

தம்பி மனைவி குனிந்தாள். துணி விலகியிருந்த இடத்தைச் சரி செய்தாள். வண்டி வலது பக்கம் திரும்பியது.

பெரியக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு முகம் இருக்க வேண்டும். அந்த முகம்தான் பெரிய வீடு. அவர்களுடைய அப்பா செங்கல் சூளை வைத்து, சூளையில் வந்ததை எல்லாம் மண்ணில் போட்டு, முன்னால் தனக்கு ஒரு வீடும் பின்னால் வாடகைக்கு ஒரு தெருவும் கட்டினார். கண்ணை மூடும் முன்பு வீட்டை மகளுக்கும் தெருவை மகனுக்கும் எழுதி வைத்தார். தெருவின் வாடகையில் ஒரு பங்கு வீட்டுக்கு வர வேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு. அதில்தான் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். அதில்தான் கூடத்துக்குப் பளிங்கு போட்டார்கள். அதில்தான் பெரியக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு வாரம் வீடு முழுக்க விளக்குத் தொங்கியது. இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்லுவார்கள்.

தம்பி என்ன செய்தான்? ஒரு நாள் குடித்தனக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, "இனிமே நீங்க குடுக்கிறது வாடகை இல்ல, விலை. விலை முடிஞ்சதும் வீடு உங்களுது," என்று சொல்லிவிட்டான். கடைசி வீடு ஒன்றை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டான். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. பிள்ளை குட்டி இல்லாதவன். கேட்க ஆள் இல்லை.

வண்டி வாசலில் நின்றபோது பெரியக்காவின் மகன் ஓடி வந்தான். கார் விற்கும் கடையில் மேலாளர். அங்கிருந்தே தவணையில் எடுத்த ஒரு பெரிய காரை, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசலில் நிறுத்தி வைத்திருந்தான்.

"காரை எடுத்து ஓரமா விடுடா. கூட்டம் வர வழி வேணும்," என்றாள் பெரியக்கா.

"நாற்காலி சொல்லியாச்சும்மா. போதலைன்னா இன்னும் கொண்டு வரச் சொல்லலாம்."

"சொல்லு. அத்தனை வீட்டுக்காரனும் குடும்பத்தோட வருவான். நிக்க வெச்சு அனுப்புனோம்னு ஒருத்தன் சொல்லக்கூடாது." குரலைத் தாழ்த்தினாள். "பின்கட்டுக் கதவையும் பக்கவாசலையும் தாழ்ப்பாள் போட்டு வை. யாரையும் அந்தப் பக்கம் விடாதே."

பின்கட்டில் கூரை சரிந்து கிடந்தது. சுவர் ஈரம் குடித்து வயிறு தள்ளியிருந்தது. மாடியைப் பூட்டியே பல வருஷம் ஆகிறது. வாடகைப் பங்கு நின்ற பிறகு அவளால் கூடத்தை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. வருகிறவர்கள் கூடத்தைப் பார்த்தால் போதும்.

குளிர்பெட்டியை நடுக்கூடத்தில் வைத்தார்கள். அதன் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. தலைமாட்டில் தம்பி மனைவி உட்கார்ந்தாள். பெட்டிக்குள் தம்பி, காலர் நைந்த சட்டையோடு படுத்திருந்தான். வேறு சட்டை மாற்றச் சொன்னபோது அவள், "இதைவிட நல்லது அவர்கிட்ட இல்ல அண்ணி," என்று சொல்லியிருந்தாள். சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததா, குத்தல் இருந்ததா என்று பெரியக்காவுக்குப் பிடிபடவில்லை. குத்தல் என்றே எடுத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, பளிங்கைப் பார்த்துவிட்டு, கைப்பேசியைப் பார்த்தார்கள். பெரியப்பா மகன், வக்கீல், முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இடமும் வலமும் காலியாக இருந்த நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா உன் தம்பியோட ஜனங்க? வீட்டை வாங்கிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வீட்டுக்கு வரத் தெரியலையா?"

"வருவாங்கண்ணே. வேலை முடிச்சுட்டு வருவாங்க."

"வேலையா? இப்பதான் வாடகை கிடையாதே. எதுக்கு வேலை?" என்று சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். கோர்ட்டுக்குப் போவோம், இவனுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு மனு போடுவோம்னு. நீதான் குடும்ப மானம்னு குறுக்க விழுந்த. இப்ப மானம் எங்க உக்காந்திருக்கு? எல்லா நாற்காலியும் காலி."

வக்கீலின் நாக்கு பெரியக்காவுக்குப் பழக்கம். ஆனால் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

தெருவின் மேல் அவளுக்கு என்றைக்கும் நல்ல எண்ணம் இருந்ததில்லை. அதை மறைத்ததும் இல்லை. வீடு கைக்கு வந்ததும் என்ன செய்தார்கள் அவர்கள்? ஒருவன் கத்தரிப்பூ நிறத்தில் சுவருக்கு வண்ணம் அடித்தான். ஒருவன் சுவரைவிடப் பெரிய டிவி வாங்கினான். ஒருவன் வீட்டை விற்றுக் குடித்துவிட்டு, அதே தெருவில் இன்னொருவனுடைய மாடியில் வாடகைக்கு ஏறினான். அதைச் சொல்லிக் காட்டியபோது தம்பி, "ஒருத்தன் குடிச்சான் அக்கா. மிச்சப் பேரு கூரை போட்டாங்க," என்றான். "நம்ம வீட்டுலயும்தான் ஒரு வாரம் விளக்கு எரிஞ்சுது. அது மட்டும் சாமான்யக் குடியா?"

அந்தச் சண்டை நடந்தது இதே கூடத்தில்தான்.

"அப்பா சம்பாதிச்சதைத் தெருவுல கொட்டுறியேடா!"

"தெருவுலேர்ந்து வந்ததுதானே அக்கா."

"உனக்குக் குடும்பம் முக்கியமா, அவனுங்க முக்கியமா?"

அவன் யோசித்தான். யோசித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "அவனுங்களோட ஒண்ணாப் போயிட்டேல்ல? அவனுங்க வர்ற வாசல்லயே இனிமே நீயும் வா," என்று சொல்லிவிட்டாள்.

குடித்தனக்காரர்கள் வருவது பக்கவாசல். தெருவிலிருந்து சந்து வழியாக வந்து, பக்கவாசல் படியில் நின்று, வாடகையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முன்வாசலில் அவர்கள் யாரும் கால் வைத்ததில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. சொல்லாமலே நடக்கிற விஷயம் அது. தம்பி மறுவாரமே பக்கவாசல் வழியாக வந்தான். சமையற்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு அதே வழியாகப் போனான். அதற்குப் பிறகு அவன் கூடத்துக்குள் வரவே இல்லை. முன்வாசல் வழியாக வரட்டுமா என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் சரி என்று சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அவளும் அதே அப்பாவின் மகள். தானாக எப்படிச் சொல்லுவாள்?

வெயில் ஏறியது. இன்னும் யாரும் வரவில்லை.

"நேரத்துக்கு எடுத்துடுவோம்," என்றார் வக்கீல். "இப்படி உக்காந்து காத்துக்கிட்டிருந்தா நமக்குத்தான் அசிங்கம். நாலு பேரு பார்த்துட்டுப் போய் நாப்பது விதமாச் சொல்லுவான்."

"நன்றி கெட்ட கூட்டம்," என்று பெரியக்கா சத்தமாகவே சொன்னாள். தம்பி மனைவிக்குக் கேட்கட்டும் என்றுதான். "தின்ன சோத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில மட்டும் அந்த நர்ஸு பொண்ணு 'மாமா, மாமா'ன்னு உருகினா. யாருக்கு யாரு மாமா? இப்ப எங்க போனா அவ?"

தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அவளுக்கும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது பெரியக்காவுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. மறுகணம் எரிச்சலாக இருந்தது.

"வண்டியை வரச் சொல்லுடா," என்றாள் மகனிடம். தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போனாள்.

கூடத்துக் கதவைத் தாண்டியதும் மோட்டார் சத்தம் அடங்கியது. அப்போதுதான் கேட்டது. ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம். யாரோ இருமினார்கள். "வெயிலு, துணியைத் தலையில போடு," என்றது ஒரு குரல்.

பின்கட்டுக்கு வந்து பக்கவாசலை ஒட்டிய சிறிய ஜன்னலைத் திறந்தாள்.

சந்து முழுக்க மனிதர்கள். படியிலிருந்து தெரு முனை வரை சுவரோடு சுவராக நின்றார்கள். நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். படியில் முதலாவதாக நின்றவள் தையல்காரி. அவளுக்குப் பின்னால் குழாய்க்காரன். அவனை ஒட்டி அவன் மகள், அந்த நர்ஸ், இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு.

"இங்க ஏன் நிக்கிறீங்க?" பெரியக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முன்வாசல் தொறந்துதானே கிடக்கு?"

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "பெரிய வீட்டுக்கு எங்களுக்கு இதுதானேம்மா வாசல். கால் தன்னால இங்க வந்துருச்சு. அவரும் இப்படித்தானே வருவாரு."

"நான் முன்பக்கமே போவோம்னுதான் சொன்னேன்," என்றாள் நர்ஸ் வெடுக்கென்று. "இவங்கதான் கேக்கல."

"கதவைத் தட்டியிருக்கலாமே!"

"தட்டினோம்," என்றான் குழாய்க்காரன். "நல்லாவே தட்டினோம். உள்ள ஆள் வந்து நின்னது தெரிஞ்சுது. தொறக்கல. சரி, நாங்க வர்றது புடிக்கலை போலன்னு நினைச்சோம். புடிக்கலைனா பரவாயில்ல, வெளியே நின்னே அனுப்பி வெச்சுட்டுப் போவோம். இந்தப் படியில நின்னு பழக்கம்தான்."

பின்னால் மகன் வந்து நின்றான். பெரியக்கா திரும்பினாள்.

"தட்டினாங்களாடா?"

"தட்டினாங்க. நீதானே யாரையும் இந்தப் பக்கம் விடாதேன்னு சொன்ன."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூடத்துல வக்கீல் மாமா முன்னாடி வந்து, பின்கட்டுல ஜனங்க நிக்கிறாங்கன்னு சொல்லச் சொல்றியா? நீயே அப்புறம் என்னைத் திட்டுவ."

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"எல்லாரும் சுத்திக்கிட்டு முன்பக்கம் வாங்க," என்றாள் ஜன்னல் வழியாக. அது அழைப்பு மாதிரி இல்லை. உத்தரவு மாதிரி இருந்தது. அவளுக்கு அப்படித்தான் வரும்.

ஒருவரும் அசையவில்லை.

"எதுக்கும்மா?" என்றாள் தையல்காரி. அவள் குரல் பணிவாகத்தான் இருந்தது, ஆனால் இடம் கொடுக்கவில்லை. "காலி நாற்காலியை ரொப்பவா? நாங்க உங்க கூடத்துக்கு வரல. அவரைப் பார்க்க வந்தோம். அவரை இந்தப் பக்கமாக் கொண்டு வாங்க. தெரு வழியா நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்."

"என் தம்பியைப் பின்கட்டு வழியா எடுக்கச் சொல்றியா? எந்தக் குடும்பத்துலடி நடக்கும் இது?"

"'டி' போட்டுப் பேசாதீங்க," என்றாள் நர்ஸ்.

"அவர் எடுக்கச் சொல்லியிருப்பார் அண்ணி."

தம்பி மனைவி எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. சமையற்கட்டு நிலையில் கை ஊன்றி நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதைத் தவிர அவள் இதுவரை வாய் திறக்கவில்லை.

"நம்ம குடும்பத்துல யாரும் பக்கவாசல் வழியாப் போனதில்ல," என்றாள் பெரியக்கா.

"அவர் போனாரு. நீங்க சொன்னீங்கன்னுதான் போனாரு. நான் ஒரு தடவை கேட்டேன், ஏங்க இப்படின்னு. அக்கா சொல்லிட்டாங்க, அக்காவே வேண்டாம்னு சொல்ற வரைக்கும் இதுதான் வாசல்னாரு."

சந்தில் குழந்தை மட்டும் சிணுங்கியது. பெரியக்கா முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். அவள் முதுகு வளையவில்லை. வளைந்து அவளுக்குப் பழக்கமும் இல்லை.

"கதவைத் தொற," என்றாள் மகனிடம். "எல்லாரும் உள்ள வாங்க. கூடத்துக்கு வாங்க. ஆனா அவன் முன்வாசல் வழியாத்தான் போவான். இந்த வழியா வந்தான். அந்த வழியாப் போகட்டும். அதுல பேச்சே கிடையாது."

தையல்காரி குழாய்க்காரனைப் பார்த்தாள். அவன் மகளைப் பார்த்தான். நர்ஸ் தோளைக் குலுக்கினாள்.

மகன் தாழ்ப்பாளை விலக்கி இழுத்தான். கதவு வரவில்லை. ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான்.

"நகருங்க தம்பி," என்று வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, குழாய்க்காரன் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினான். கதவு மட்டும் இல்லை, நிலையும் சேர்ந்து பெயர்ந்து புழுதி பறக்க உள்ளே சாய்ந்தது. நல்லவேளை, மகன் துள்ளி ஒதுங்கினான்.

குழாய்க்காரன் நிலைச்சட்டத்தை விரலால் குத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. "கரையான். மேல பெயிண்டு மட்டும்தான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

சத்தம் கேட்டு வக்கீல் ஓடி வந்தார். சரிந்த கூரை, ஊதிய சுவர், பெயர்ந்த கதவு, படியில் நிற்கும் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொண்டார். "வீட்டைக் குடுத்தா கதவையும் பேத்துக்கிட்டுப் போறானுங்களா?"

"அண்ணே, நீங்க போய் உக்காருங்க," என்றாள் பெரியக்கா. "ஓரமா உக்காருங்க."

குழாய்க்காரன் கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். "நாளைக்கு ஆளோட வந்து புது நிலை வெச்சு மாட்டித் தர்றேம்மா. கூலி எதுவும் வேண்டாம். அவருக்காக."

"கூலி வாங்காம என் வீட்டுல யாரும் வேலை செஞ்சதில்ல."

"சரி. அப்ப கூலி குடுங்க." அவன் கொஞ்சம் யோசித்தான். "என் கூலி இப்பக் கூடிப்போச்சும்மா. அதையும் முன்னாடியே சொல்லிடறேன்."

"எவ்வளவா இருந்தாலும் வாங்கிக்கிட்டுப் போ."

அவர்கள் உள்ளே வந்தார்கள். சரிந்த கூரைக்கு அடியில் குனிந்து, சமையற்கட்டைத் தாண்டி, கூடத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தையல்காரி கண்ணாடிக்கு மேல் குனிந்து பார்த்துவிட்டு, "காலர் நைஞ்சு போச்சு, திருப்பித் தைச்சுத் தர்றேன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டாத்தானே," என்று அவனைத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முதல் வரிசையில் இருந்த சொந்தக்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பெட்டியைத் திறந்து, தெருக்காரர்களும் மகனும் சேர்ந்து தூக்கினார்கள். வக்கீல் கை கொடுக்க வந்தார். அதற்குள் தோள் நிரம்பிவிட்டது.

தம்பி முன்வாசல் வழியாகப் போனான். அவனுக்குப் பின்னால் தெரு முழுவதும் முன்வாசல் வழியாகப் போனது.

படி இறங்கும் முன்பு தம்பி மனைவி நின்றாள். "எல்லாம் முடிஞ்சு நான் அப்படியே என் வீட்டுக்குப் போயிடறேன் அண்ணி."

"போ."

"நீங்க வரலையா?"

"கதவில்லாத வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றது?"

அவள் இறங்கிப் போனாள். சொந்தக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

பெரியக்கா கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். கதவு இருந்த இடத்தில் அதைப் போட்டு, சந்தைப் பார்த்து உட்கார்ந்தாள். கையை மடியில் கட்டிக்கொண்டாள். எதிரே கத்தரிப்பூ நிறச் சுவர் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்து அதைப் பார்த்ததில்லை. அசிங்கமான நிறம்தான்.

யாரோ வேகமாகச் சந்தில் நடந்து வந்தார்கள். காவலாளி உடுப்பு, கையில் சாப்பாட்டுப் பை, வயதான ஆள். அவளைக் கண்டதும் படியில் தயங்கி நின்றார்.

"எடுத்தாச்சாம்மா?"

"இப்பதான்."

"மாத்து ஆள் வர லேட்டாயிருச்சு. விடமாட்டேன்னுட்டாங்க." மூச்சு வாங்கினார். "சுத்திப் போனாப் புடிக்க முடியாதே."

பெரியக்கா அவரைப் பார்க்கவில்லை. முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நேரே போ. கூடத்தைத் தாண்டினா முன்வாசல்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே. நேரமாச்சு, போ."

அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். செருப்புச் சத்தம் சமையற்கட்டைக் கடந்து, பளிங்கில் ஏறி, தூரத்தில் தேய்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிலை பெயர்ந்த இடத்தில் தரை மேடும் பள்ளமுமாக இருந்தது, நாற்காலி ஆடியது. அது ஆடாமல் இருக்க அவள் இரண்டு பாதங்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.